பேரரசரின் படைக்கு லெ வெரியேரில் மதியச் சாப்பாடு

காலை 7.40, பீல், சுவிற்சர்லாந்து.

தொடருந்து நிலையத்தின் பின்பக்கம் பேருந்து நின்றது. மைனஸ் ஆறு பாகைக் குளிர். நாற்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தாறு பேரும் வந்தார்கள், அதுவும் நேரத்துக்கு. எங்கள் தமிழ்ச் சங்கப் பயணங்களை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் என் ஏற்பாடு அங்கேயே கவிழ்ந்துவிட்டது. யார் வீடு எதைக் கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸப்பில் பட்டியல் போட்டிருந்தேன். ஒரு வீட்டுக்குப் புரியாணி, இன்னொரு வீட்டுக்குக் கறி, மூன்று வீடுகளுக்குச் சலாட், அம்மாவுக்குச் சிற்றுண்டி. பேருந்தின் அடிப்பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐந்து பெரிய தட்டுப் புரியாணி. அடுத்த வீட்டுச் சமையல் போதாமல் போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பேருந்து முழுவதற்கும் சமைத்திருந்தது. சலாட் ஒரு கிண்ணம்கூட இல்லை.

"சாந்தி அக்கா, உங்களுக்குச் சலாட் எல்லோ எழுதினனான்?"

"ஐயோ பிள்ளை, நான் சலாட்டோட போய் நிண்டால் சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்?" என்றார் அவர். சாந்தி அக்கா அம்மாவோடு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் இருந்து வேலை செய்பவர். அம்மாவின் பெட்டியில் நூற்றிருபது பொரித்த ரோல்ஸும் மிதிவெடியும் இருந்தன. நான் கேட்டது அறுபது.

பெரியவர்களுக்கு முப்பத்தைந்து பிராங், பிள்ளைகளுக்குப் பதினைந்து. போகும் இடம் லெ வெரியேர். பீலில் இருந்து எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நொயன்பேர்க் மாநிலத்தின் மேற்கு விளிம்பில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எங்கள் சங்கம் பனிச்சறுக்குக்குத்தான் போகும். இந்த முறை வரலாறு பார்க்கப் போகலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னது நான். கைகள் உயர்ந்தபோது எனக்கு இரண்டு கை அதிகம் கிடைத்தது. இரண்டையும் அம்மா பிடித்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சங்கத் தலைவர் குலம் மாமா கூட்டத்தின் முடிவில் சொன்னது இதுதான்: "சரி பிள்ளை, ஒருக்கால் பாப்பம். சனத்துக்குப் பிடிக்கேல்லை எண்டால் வாற வருஷம் பழையபடி பனிச்சறுக்கு. வரலாறை நீ யூனிவெர்சிட்டியோட வச்சுக்கொள்."

எனக்கு அது வெறும் சுற்றுலாவின் பிரச்சினையாக இருக்கவில்லை. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா எட்டு. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவர் யாரும் இல்லை. நான் வரலாறு படித்தேன், பிரெஞ்சிலும் ஜெர்மனிலும், முதல் வரிசையில் இருந்து, நல்ல புள்ளிகளோடு. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்காத ஒரு தமிழ் வீடு பீலில் இல்லை. நான் படித்ததை என் சனத்துக்கு என் மொழியில் சொல்லி, அவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்று எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

காலை 8.35, நொயன்பேர்க் ஏரிக்கரை.

ஏரியின் மேல் பனிமூட்டம் வெள்ளைத் துணியாகக் கிடந்தது. நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். பல்கலைக்கழகக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன், ஏழு பக்கம். "பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பகுதியில் ஐரோப்பிய வல்லரசுகளுக்கிடையிலான சமநிலையானது" என்று தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் பின்னிருக்கையில் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குறட்டை.

குலம் மாமா மெதுவாக எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார். "பிள்ளைக்குத் தொண்டை காஞ்சு போச்சு. ஒரு பாட்டுக் கேப்பம்."

கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. நான் முன்னிருக்கையில் அமர்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். திராவேர் பள்ளத்தாக்கு அழகானது. இருபுறமும் கறுத்த ஊசியிலைக் காடு, நடுவில் சிறிய ஆறு, அதன் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமங்கள். பிளெரியே தாண்டியதும் வீதி மலையில் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தில் நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

காலை 10.05, லெ வெரியேர்.

வீதியின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் ஊர். கூரைகள் அகலமானவை, பனியின் பாரத்தைத் தாங்கக் கட்டியவை. கடல் மட்டத்துக்கு மேல் தொள்ளாயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்து மலைமுதுகைத் தாண்டினால் சுவிஸின் சைபீரியா என்று பெயர் வாங்கிய பள்ளத்தாக்கு. பேருந்தை விட்டு இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். அது வியப்பு அல்ல, குளிர்.

ஊர் மண்டபத்தை நூற்றெண்பது பிராங்குக்கு எடுத்திருந்தேன். திறப்பைத் தந்த பெண்மணி எங்கள் தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார்.

சாமான்களை இறக்கி வைத்துவிட்டு எல்லையை நோக்கி நடந்தோம். நடந்தபடியே, அங்கே போயிராதவர்களுக்காக, அந்த இடத்தின் கதையைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், பெரிய நெப்போலியனின் தம்பி மகன். பெரியப்பா வீழ்ந்தபோது குழந்தை. குடும்பத்தைப் பிரான்சை விட்டுத் துரத்தினார்கள். தாய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிய இடம் சுவிற்சர்லாந்து, துர்காவ் மாநிலத்தின் ஏரிக்கரை. அங்கேதான் வளர்ந்தார். துர்காவ் அவருக்குத் தன் குடியுரிமையையும் கொடுத்தது. தூண் நகரில் சுவிஸ் அதிகாரிகளிடம் பீரங்கி பழகினார். பிறகு பிரான்சுக்குப் போய் சனாதிபதி ஆனார், அது போதாமல் பேரரசரும் ஆனார். கிரிமியாவுக்கும் இத்தாலிக்கும் படை அனுப்பினார். கடல் கடந்து மெக்சிகோவில் ஓர் அரசரை உட்கார வைக்க முயன்று கையைச் சுட்டுக்கொண்டார். 1870இல் பிரஷ்யா மீது போர் அறிவித்தார். ஏழு வாரத்துக்குள் செடானில் படையோடு பிடிபட்டார். பேரரசு முடிந்தது.

ஆனால் அவர் தொடங்கிய போர் முடியவில்லை. பாரிஸில் வந்த புதிய அரசு சண்டையைத் தொடர்ந்தது. கிழக்கே ஒரு பெரும் படை அனுப்பப்பட்டது, பாதிப்பேர் பயிற்சி இல்லாதவர்கள். அது தோற்று, பசித்து, மலைப்பக்கம் ஒதுங்கியது. போர்நிறுத்தம் கையெழுத்தானபோது அந்தப் படை அதில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்படவில்லை என்று அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. பின்னால் எதிரி, முன்னால் சுவிஸ் எல்லை. 1871 பெப்ரவரி முதலாம் திகதி, இந்த வீதியால் அவர்கள் வரத் தொடங்கினார்கள். துப்பாக்கியை எல்லையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பக்கத்து எல்லை வழிகளையும் சேர்த்து, மூன்று நாளில் ஏறத்தாழ எண்பத்தேழாயிரம் பேர்.

எல்லையில் ஒரு சுங்கச் சாவடி, ஒரு பெயர்ப்பலகை. வேறொன்றும் இல்லை. நான் நடுவில் நின்று மறுபடி சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் பிரான்சுக்குள் பனியுருண்டை எறிந்தார்கள். ஒரு குடும்பம் ஒரு காலை இந்த நாட்டிலும் மறு காலை அந்த நாட்டிலும் வைத்துப் படம் எடுத்தது.

குலம் மாமா கையைத் தேய்த்தபடி என்னிடம் வந்தார். "இதுதானோ பிள்ளை?"

"ஓம் மாமா."

"ஒரு றோட்டு."

"ஓம்."

"எங்கட வீட்டுக்கு முன்னாலயும் கிடக்கு ஒண்டு," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டினார்.

முற்பகல் 11.20.

முதலில் மேளம் கேட்டது. பிறகு பிரான்சுப் பக்க வளைவில் சிவப்பு தெரிந்தது. சிவப்புக் காற்சட்டை, நீல மேலங்கி, தோளில் நீளத் துப்பாக்கி. முப்பதுக்கு மேற்பட்டவர்கள், தாடியில் பனி தொங்க, தோற்ற படை போலவே இரண்டிரண்டு பேராகத் தள்ளாடி வந்தார்கள். ஒரு பெண்ணும் இருந்தார், படைக்குக் குடிக்கக் கொடுப்பவளின் பழைய உடையில், இடுப்பில் சிறு பீப்பாய் தொங்க.

"அம்மாடி, சண்டை வந்திட்டுது," என்றார் சாந்தி அக்கா.

இந்தக் குழு வருவது எனக்குத் தெரியாது. மீசைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பெயர் ரெனே, ஓய்வுபெற்ற தபால்காரர். ஆண்டுதோறும் இந்த நாட்களில் பழைய சீருடை உடுத்து, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோட்டையடியில் இருந்து நடந்து வந்து, துப்பாக்கிகளை இங்கே குவித்து வைத்து இறந்தவர்களை வணங்குவார்களாம். அன்று விடியலில் இருந்து நடக்கிறார்கள்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு சாப்பாடு," என்றார் ரெனே. "அதுதான் சிக்கல். சூப் கொண்டுவந்த வான் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் கிடக்கிறது. ஓட்டி வந்தவருக்கு ஒன்றுமில்லை, சூப்தான் எல்லாம் கொட்டிப் போயிற்று." பக்கத்துக் கபேயிலும் கேட்டிருந்தார்கள். அங்கே பன்னிரண்டு கதிரைகள்தான், அவையும் முற்பதிவு.

அம்மா என் முழங்கையை இழுத்தார். "என்னவாம்?"

சொன்னேன்.

"அப்ப இவங்கள் சாப்பிடேல்லையோ?"

"விடிய ஒரு பாண் துண்டு சாப்பிட்டதாம்."

அம்மா நிமிர்ந்து குலம் மாமாவைப் பார்த்தார். "குலமண்ணை, கூட்டிக்கொண்டு போவம்."

குலம் மாமா முகம் சுளித்தார். "நில்லும். முப்பது முப்பத்தைஞ்சு ஆம்பிளையள். எங்கட ஆக்களுக்குக் காணாமல் போனால் பிறகு ஆர் பேச்சு வாங்கிறது?"

"அஞ்சு தட்டு கிடக்கு. அஞ்சு! நாங்கள் நாப்பத்தாறு பேரும் ரெண்டு தட்டு முடிக்க மாட்டம்."

"உறைப்பு அவங்களுக்கு ஒத்துவராது."

"பட்டினி ஒத்துவருதோ?" என்றார் அம்மா.

குலம் மாமா பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். கோப்பை கழுவித் தொடங்கி, இன்று ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் சிவப்புக் காற்சட்டைக்காரர்களை ஒருமுறை பார்த்தார். அதில் அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் அதிகம் இல்லை. ஒருவர் சப்பாத்தைக் கழற்றிப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, கூப்பிடு பிள்ளை," என்றார். பிறகு விரலை உயர்த்தினார். "ஆனால் துவக்கெல்லாம் வெளியில. மண்டபத்துக்க பிள்ளையள் நிக்குதுகள்."

"மாமா," என்றேன், "அண்டைக்கும் அப்படித்தான். துவக்கை இந்த இடத்தில போட்ட பிறகுதான் ஊர்ச்சனம் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூப்பும் பாணும் குடுத்தது. பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாத்திலயும் வைக்கல் பரப்பிப் படுக்க வச்சவை."

"மெய்யாவோ?"

"இதைத்தான் பஸ்ஸில சொல்ல வந்தனான்."

"நீ எங்க இதைச் சொன்னனீ? நீ வல்லரசு, சமநிலை எண்டெல்லோ சொன்னனீ," என்றார்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னது சரி.

மதியம் 12.15, ஊர் மண்டபம்.

துப்பாக்கிகள் வாசலில் கூம்பு கூம்பாகச் சாய்த்து வைக்கப்பட்டன. உள்ளே மேசைகளை ஒட்டிப் போட்டோம். குலம் மாமா மேலங்கியைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, அகப்பையை யாரிடமும் கொடுக்காமல் தானே பரிமாறினார். எண்பது பேருக்குப் பரிமாற அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அவர் வேலை அது.

ரெனே முதல் கவளத்தை விழுங்கினார். முகம் காற்சட்டையின் நிறத்துக்கு வந்தது. தண்ணீர் குடித்தார். "பிரஷ்யர்கள்கூட எங்களை இப்படித் தாக்கவில்லை," என்றார். நான் மொழிபெயர்த்ததும் மண்டபம் அதிர்ந்தது. அவர் இரண்டாம் தடவையும் வாங்கினார்.

பிறகு ஒரு மிதிவெடியைத் தூக்கிப் பிடித்து, இதன் பெயர் என்ன என்று கேட்டார். முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த எங்கள் சிற்றுண்டிக்கு ஊரில் போர்க்காலத்தில் விழுந்த பெயர் அது. பெயரின் பொருளைச் சொன்னேன். ரெனே அதை மிக மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அம்மா. "வயித்துக்கதான் வெடிக்கும்."

பீப்பாய்ப் பெண் குலம் மாமாவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். உள்ளே உண்மையான பிராந்தி இருந்தது. இரண்டாம் கிண்ணத்துக்குப் பிறகு அவரும் ரெனேயும் மொழியில்லாமலே பேசினார்கள். ரெனே என்னிடம் சொன்னார், "எங்கள் பேரரசரை வளர்த்ததும் பீரங்கி பழக்கியதும் உங்கள் நாடுதான் என்று இவரிடம் சொல்லுங்கள். ஆகவே தோல்வியில் பாதி உங்களுடையது."

குலம் மாமா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "வளத்தது நாங்கள் எண்டால் சாப்பாடு போடுறதும் நாங்கள்தானே."

அதை மொழிபெயர்க்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பெருமையில்.

அதன் பிறகுதான் கேள்விகள் வந்தன. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சாந்தி அக்கா தொடங்கினார். "பிள்ளை, இந்தச் சனம் இப்படி அந்தரிச்சு வரேக்கை அந்த ராசா எங்க?"

"அவர் பிடிபட்டு அஞ்சு மாசம், அக்கா. ஜெர்மனியில ஒரு மாளிகையில காவலில வச்சிருந்தவை."

"மாளிகையிலயோ?"

"ஓம். நல்ல வசதியா."

"சண்டையைத் தொடங்கினவர் மாளிகையில. சண்டை பிடிச்சவங்கள் பனிக்குள்ள." அவர் கேத்தலை மேசையில் வைத்தார். "போர்நிறுத்தம் ஒண்டு வந்ததெண்டனீ?"

"வந்தது. இவையை அதில சேர்க்கேல்லை. இவைக்குச் சொல்லவுமில்லை."

மண்டபத்தில் எங்கள் பக்கம் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. கதிரைகள் திரும்பின. நான் குறிப்புத் தாள்களை எடுக்கவில்லை. குதிரைகள் பசியில் வண்டிச் சில்லையும் ஒன்று மற்றதன் வாலையும் கடித்ததைச் சொன்னேன். இருபத்தேழு இலட்சம் பேர்கூட இல்லாத நாடு எண்பத்தேழாயிரம் பேரை மாநிலம் மாநிலமாகப் பகிர்ந்து எடுத்ததைச் சொன்னேன். காய்ச்சலில் செத்தவர்களைச் சொன்னேன். அவர்கள் காய்ச்சலைக் கொண்டுவருவார்கள் என்று தெரிந்தும் கதவைத் திறந்த வீடுகளைச் சொன்னேன். தமிழில் சொல்லிவிட்டுப் பிரெஞ்சில் சொன்னேன், பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தேன். ரெனே இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். ஓரிடத்தில் நான் அவரைத் திருத்தினேன். அவர் தொப்பியைத் தொட்டு ஒப்புக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தார்.

எட்டாம் வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டுப் போருக்குத் தப்பி ஓடியவர் அவர். அன்று மேசையின் முனையில், கையில் ஈரத் துணியோடு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற பீப்பாய்ப் பெண்ணிடம், தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களையும் சேர்த்து, "என் மகள். வரலாறு. என் மகள்," என்றார்.

பிற்பகல் 3.10.

மண்டபத்தைக் கூட்டிக் கழுவித் திறப்பைக் கொடுத்தோம். நான்காவது தட்டில் கால்வாசி மிஞ்சியிருந்தது. ஐந்தாவதைப் பொட்டலங்களாகக் கட்டிப் படைக்குக் கொடுத்துவிட்டோம். அவர்கள் துப்பாக்கியோடு புரியாணிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குத் திரும்பினார்கள். வளைவில் மேளக்காரர் நின்று எங்களுக்காக ஒருமுறை அடித்தார்.

தட்டுகளை ஏற்றும்போது குலம் மாமா என் பக்கம் பார்க்காமலே சொன்னார். "அந்த ராசா சின்னனில வளந்த வீடு இப்பவும் இருக்கோ?"

"இருக்கு மாமா. துர்காவில, பொடன்சீ கரையில. இப்ப அருங்காட்சியகம்."

"எவ்வளவு தூரம்?"

"நூற்றெண்பது கிலோமீட்டர் வரும்."

"வாற வருஷத்துக்கு எழுதி வை. வெள்ளன வெளிக்கிடோணும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் இருந்து பாராட்டு எதிர்பார்ப்பவர்கள் அவரைத் தெரியாதவர்கள்.

இறங்கு வீதியில் வெயில் காட்டின் உச்சிகளில் மட்டும் இருந்தது. காலையில் ஒரு சொல் பேசாமல் ஏறிய மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பீலில் எங்கள் தொழிற்சாலைகளைக் கடந்து போகும்போது, கண்ணாடிக்குள் தலை குனிந்து மணிக்கூட்டு முள் பொருத்தும் அம்மாமார்களை யாரும் வரலாற்றோடு சேர்த்து நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. ஒரு பேரரசர் எவ்வளவு தூரம் போனார் என்று படித்துப் பட்டம் வாங்கினேன். அவர் விழுந்த பிறகு யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதும் வரலாறுதான் என்று, ஏழு பக்கக் குறிப்பில் ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

பிளெரியேக்கு அருகில் பின்னிருக்கையில் இருந்து சாந்தி அக்காவின் குரல் வந்தது. "பிள்ளை, மிச்சத்தைச் சொல்லேல்லை. கடைசியில அந்த ராசாவுக்கு என்ன நடந்தது?"

நான் ஒலிவாங்கியைத் தேடவில்லை. இருக்கையில் முழங்காலூன்றிப் பின்பக்கம் திரும்பினேன். "ஜெர்மன்காரர் விட்டிட்டினம். ஆனால் பிரான்சுக்குப் போக முடியேல்லை. இங்கிலாந்துக்குப் போனவர். ரெண்டு வருஷத்தில அங்கயே செத்துப்போனார்."

"அகதியாவோ?"

"ஓம் அக்கா. அகதியா வளந்து, அகதியாத்தான் செத்தவர்."

நான் தொடர்ந்தேன். அவருடைய மகனைப் பற்றி, மனைவியைப் பற்றி, அவர் திரும்பிப் போகப் போட்ட திட்டங்களைப் பற்றி. பேருந்துக்குள் எந்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது.

ஓட்டுநர், காலையில் இருந்து எங்கள் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு வந்த பேர்ண்காரர், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "என்ன, எல்லாரும் தூங்கிவிட்டார்களா?" என்று தன் ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை," என்றேன். "கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."